எங்கேயிருந்து என்று கேட்டவர்

எங்கே போகிறாய் என்று அவர் யாரையும் கேட்டதில்லை. எங்கேயிருந்து வருகிறாய் என்று கேட்காமல் யாரையும் விட்டதும் இல்லை.

ஊர்ப் பெயரைச் சொன்னால் அதோடு முடியாது. "சரி, திரும்பிப் போக எந்த பஸ்?" என்பார். வந்தவர் விழிப்பார். இவர் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்பது பாதிக் கேள்வி. மீதிப் பாதி நாக்குக்கு அடியில் இருக்கும்: எந்தத் தெரு, யார் வீட்டு ஆள், எந்தக் கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள். அவருடைய கேள்வியில் அந்த மீதி கிடையாது. எந்த ஊரானாலும் அவருக்குச் சம்மதம். சொன்ன ஊரும் வந்த வழியும் பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

"வந்த வழியை யாரும் புளுகலாம் தம்பி. போற வழியைப் புளுக முடியாது. அங்கன வீடு இருக்கவனுக்குத்தான் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு தெரியும்."

மெலிந்த உடம்பு. இழுத்துப் பின்னிய தலை. வெயிலோ மழையோ கையில் ஒரு நீலக் குடை. இடுப்பில் ஒரு சாவிக்கொத்து. அவர் நடந்தால் அதுதான் முதலில் வரும். கடலோர உவரிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எங்களுக்கெல்லாம் அக்கா. முதலாளிக்கு மட்டும் 'ஏம்மா'.

திருநெல்வேலி டவுணில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். முதலில் கேபிள் டிவி, பிறகு இணையம். கஞ்சி போட்ட புதுத்துணி வாசம் படியேறி வந்து கம்ப்யூட்டர்களின் சூட்டோடு கலந்து கிடக்கும். ஆறு போகிற வழியாகவே எங்கள் கேபிளும் போனது. அம்பாசமுத்திரத்தில் கிளம்பி, டவுண், பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம் என்று கம்பத்துக்குக் கம்பம் தாவி, வாழைகளுக்கு மேலே தொய்ந்து, நாரைகளுக்கு உட்கார இடம் கொடுத்து, கடைசியில் காயல்பட்டினத்தில் உப்புக்காற்றில் போய் நின்றது. ஆறு தண்ணீரைக் கொண்டுபோன தூரத்துக்கு நாங்கள் வெளிச்சத்தைக் கொண்டுபோனோம்.

என் வேலை முன்னறையில். தொலைபேசி எடுப்பது, புகார் எழுதுவது, வசவு வாங்குவது. அவருடைய வேலை பின்னறையில். குளிரூட்டிய, ஜன்னல் இல்லாத, பச்சை விளக்குகள் சிமிட்டுகிற அறை. அங்கேதான் ரௌட்டர்கள் இருந்தன. இணையத்தில் போகிற ஒவ்வொரு தகவல் பொட்டலத்தையும் எந்தத் தெருவில் திருப்ப வேண்டும் என்று முடிவு செய்கிற பெட்டிகள். அதற்கு முன்னால் இரண்டு கம்பெனிகளில் அவரை ரௌட்டர் பக்கம் விடவில்லை. பில் போடு, போன் எடு என்று உட்கார வைத்துவிட்டார்களாம். இங்கேதான் முதல்முறையாக அந்த அறையும் அதன் சாவியும் அவர் கைக்கு வந்தன. அதை அவர் ஒருநாளும் மேஜையில் வைத்ததில்லை. சாப்பிடும்போதுகூட இடுப்பில்தான்.

அவர் என்ன செய்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். தபாலை வைத்துச் சொன்னார்.

"ஒவ்வொரு பொட்டலத்துலயும் ரெண்டு விலாசம் இருக்கும் தம்பி. பெறுநர், அனுப்புநர். தபால்காரரு பெறுநரை மட்டுந்தான் பாப்பாரு. அனுப்புநர்ல பொய்யா எழுதினா அவருக்குத் தெரியாது. இப்போ ஒருத்தன் ஆயிரம் பேருக்கு லெட்டர் போடுதான், எனக்குப் பதில் அனுப்புங்கன்னு. அனுப்புநர்ல உங்க விலாசத்தை எழுதிருதான். என்ன ஆகும்?"

"ஆயிரம் பதிலும் என் வீட்டுக்கு வரும்."

"வாசல் அடைச்சிரும். உங்களுக்கு வரவேண்டிய நல்ல லெட்டர் உள்ள வர முடியாது. யாருலே இதைச் செஞ்சதுன்னு தேடினா, எல்லாத்துலயும் உங்க பேருதான் இருக்கும். நான் என்ன செய்யுதேன்னா, ஒவ்வொரு தெருமுனையிலயும் நின்னு அனுப்புநரைப் பாக்கேன். இந்த விலாசத்துக்கு நான் பதில் அனுப்பினா, இந்தத் தெரு வழியாத்தான் போகுமா? போகும்னா விடுவேன். போகாதுன்னா கிழிச்சுப் போட்டுருவேன்."

"வெளியூர்க்காரன் நம்ம வாசலை அடைச்சிரக் கூடாதேன்னா இந்தக் காவலு?"

"வெளியில இருந்து வாரதை நான் தடுக்க முடியாது. நம்ம வாசல்ல இருந்து கள்ளப் பொட்டலம் வெளிய போகாமத் தடுக்கலாம். ஊருக்கு ஊரு இப்படி ஒருத்தர் நின்னா எவனும் எவனையும் அடைக்க முடியாது."

யாரோ முகம் தெரியாதவர்களுக்காக இந்த அம்மா தெருமுனையில் நிற்கிறார் என்பது எனக்கு அன்று விசித்திரமாக இருந்தது. அதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்கவந்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் விட்டேன்.

அறைக்கு வெளியிலும் அவர் தெருமுனையில்தான் நின்றார். தபால் வந்தால் உறையைத் திருப்பி அனுப்புநரை வாசித்த பிறகே கிழிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். மீன்காரர் ஒருவர் தட்டைத் தட்டிக் கூவிக்கொண்டிருந்தார்: "உவரி மீனு, உவரி மீனு, காலையில இறங்குனது." அக்கா நின்றார். மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கவில்லை. கண்ணையும் பார்க்கவில்லை.

"இன்னைக்குக் காலையிலயா?"

"பின்னே? துள்ளத் துள்ள இறக்கினதுக்கா."

"ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல ஒருத்தனும் கடலுக்குப் போகமாட்டான்வே. எல்லாரும் பூசைக்குப் போயிருவாங்க. அந்தோணியாரே இறங்கிப் பிடிச்சுக் குடுத்தாரோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மீன்காரரும் சிரித்துவிட்டார். "ஏக்கா, உவரியில இருந்து இங்க வந்து என் கடையிலயா நிக்கணும்?" என்று அரைக்கிலோவை விலை குறைத்துக் கொடுத்தார். அக்கா வாங்கவில்லை. "எந்த ஊரு மீனுன்னு சொல்லும், வாங்குதேன்" என்றார். அவர் சொன்னார். இவர் முழு விலை கொடுத்து ஒரு கிலோ வாங்கினார்.

இன்னொரு நாள், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒருவர் வந்தார். எங்களுக்கு மேலே இருந்து இணையம் தருகிற பெரிய கம்பெனியின் மதுரை அலுவலகத்திலிருந்து வருவதாகவும், பின்னறையைப் பார்வையிட வேண்டுமென்றும் சொன்னார். நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம். முதலாளி காப்பி சொல்லியனுப்பினார். அக்கா கதவில் சாய்ந்து நின்று, "சாயங்காலமே மதுரைக்குத் திரும்பணும்லா? எங்க பஸ் ஏறுவீங்க?" என்று கேட்டார்.

"ஜங்ஷன்லதான்."

"மதுரை பஸ்ஸு புது பஸ் ஸ்டாண்டுல இருந்துல்லா போகுது."

அவர் காப்பி வருவதற்கு முன்னால் கிளம்பிவிட்டார். வண்ணார்பேட்டையில் எங்களுக்குப் போட்டியாக நடக்கும் ஒரு நிறுவனத்தின் ஆள் என்று பிறகு தெரிந்தது. முதலாளி அந்தக் காப்பியைத் தானே குடித்துவிட்டு, "ஏம்மா, நீ போலீஸ்ல சேந்திருக்கலாம்" என்றார்.

"போலீஸ்ல அனுப்புநரைப் பாக்கமாட்டாங்க அண்ணாச்சி. பெறுநரைத்தான் பிடிப்பாங்க."

இப்படிப்பட்டவர் என்னை நம்பினார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மனைவி அப்போது வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றுக்குத் தட்டச்சு வேலை செய்துகொண்டிருந்தாள். டாக்டர்கள் பேசியதைக் கேட்டு எழுதுவது. இணையம் அறுந்தால் அன்றைய வேலை போச்சு. அதனால் வீட்டில் இரண்டு இணைப்பு வைத்திருந்தோம்: எங்கள் கம்பெனியுடையது ஒன்று, வேறொரு கம்பெனியுடையது இன்னொன்று. இரண்டையும் ஒரு பெட்டியில் இணைத்திருந்தோம். அக்கா பாளையங்கோட்டைப் பக்கம் காவல் போட்டதும் அவள் வேலை அடிக்கடி அறுந்தது. மற்றக் கம்பெனி கொடுத்த விலாசத்தோடு சில பொட்டலங்கள் எங்கள் கேபிள் வழியாக வெளியேறும். அக்காவின் காவல் அவற்றைக் கிழித்துப் போட்டுவிடும்.

"இது பொய்யில்ல" என்றார் அக்கா. "ரெண்டு வாசல் உள்ள வீடு. ஒரு வாசல்ல வந்து இன்னொரு வாசல்ல போகுது. என் காவலுக்கு இதுவும் பொய் மாதிரித்தான் தெரியும்."

"அப்போ எங்க வீட்டுக்கு மட்டும் எடுத்துவிடுங்கக்கா."

"ஒருத்தருக்கு எடுத்தா எதுக்குக் காவலு?"

ஒரு வாரம் விடாமல் கேட்டேன். மனைவியைப் போன் போடச் சொன்னேன். கடைசியில் ஒரு மத்தியானம் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, திரையில் என் வீட்டு வரியைக் காட்டினார். அந்த ஒரு வரியில் மட்டும் காவல் இல்லை. பக்கத்தில் குறிப்பு மாதிரி ஆங்கில எழுத்தில் 'தம்பி வீடு, ஒரு மாசம்' என்று அடித்திருந்தார்.

"ரெண்டாவது லைனை எப்போ நிறுத்துதீங்களோ அன்னைக்கே வந்து சொல்லணும். கேட்டேளா?"

கேட்டேன். இரண்டு மாதம் கழித்து அந்த இரண்டாவது இணைப்பை நிறுத்தினேன். சொல்லவில்லை. அவர் இரண்டு முறை கேட்டபோதும், வாய் தன்பாட்டுக்கு, "இன்னும் ரெண்டு வாரம்க்கா" என்றது. கெட்ட எண்ணம் இல்லை, சோம்பல்கூட இல்லை. அவசியம் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை, எங்களுக்கு இணையம் தருகிற மேல் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து பொய் விலாசம் போட்ட பொட்டலங்கள் வெள்ளமாக வந்துகொண்டிருக்கின்றன. யார் வீட்டிலிருந்து என்று அவர்களால் சொல்ல முடியாது, விலாசம்தான் பொய்யாயிற்றே. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நிறுத்தாவிட்டால் எங்களுடைய மொத்த இணைப்பையும் துண்டிப்பார்கள்.

முதலாளி எல்லோரையும் கூட்டினார். கோபம் வந்தால் அவருக்குக் குரல் தணியும்.

"ஏம்மா, மூணு வருஷமா காவல் போடுதேன் காவல் போடுதேன்னு உக்காந்திருக்க. இப்போ கள்ளன் நம்ம வீட்டுக்குள்ள இருந்துல்லா போறான்?"

"காயல் பக்கம் ஒரு பெட்டியில இன்னும் காவல் போடல அண்ணாச்சி. இந்த வாரம் போடணும்னு இருந்தேன்."

"எல்லாரும் கேட்டுக்கோங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள இது எங்கேயிருந்துன்னு வெளிய வரணும். இவ விட்ட ஓட்டைன்னு தெரிஞ்சா, சாவியை வச்சிட்டுப் போகவேண்டியதுதான். நான் சொன்னது சொன்னதுதான்."

அக்காவின் கை இடுப்புக்குப் போனதை நான் பார்த்தேன்.

அவரைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். "காயல்ல ஒரு பிரவுசிங் சென்டர் இருக்குல்லா அண்ணாச்சி" என்றேன். "வெளிநாட்டு விசா, டிக்கெட்டுன்னு வாரவன் போறவன் எல்லாம் உக்காருத இடம். அங்கனதான் இருக்கும்." முஸ்லிம்கள் நிறைந்த அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் முதலாளியின் புருவம் ஏறியது. ஏறும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேனா? அதே மாதிரிக் கடைகள் டவுணில் இருந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் இருந்தன, அம்பாசமுத்திரத்தில் இருந்தன.

"பாக்காமச் சொல்லக் கூடாது தம்பி" என்றார் அக்கா.

"பாத்துக்கிட்டே இரு" என்றார் முதலாளி. "வே, அந்தக் கடை லைனை இப்பமே வெட்டச் சொல்லும்."

நான்தான் போன் செய்து வெட்டச் சொன்னேன். கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் கூப்பிட்டார். "தம்பி, நெட்டு போயிட்டே?" என்றார். கேபிளில் பழுது, பார்க்கிறோம் காக்கா என்றேன். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் அக்கா பின்னறையை விட்டு வரவில்லை. காயல் பக்கத்துப் பெட்டியில் வீடு வீடாகக் காவல் போட்டு முடித்தார். ஒரு கள்ளப் பொட்டலம்கூட அங்கே மாட்டவில்லை. மேல் கம்பெனியைக் கேட்டால், வெள்ளம் வடியவில்லை என்றார்கள். வெட்டிய கடை வெட்டியபடியே கிடந்தது. அதை யாரும் நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அக்கா வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். "தம்பி, உங்க வீடு வரைக்கும் போவோமா?"

சாப்பாடு கொண்டு வரவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். டவுண் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றுப் பாலம் வந்ததும் வெளியே பார்த்தார். தண்ணீர் நிறைய இருந்தது. அவர் என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. யாரையும் கேள்வி கேட்காமல் அவர் அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் மனைவி காதில் ஹெட்போனோடு தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அக்கா நேரே கூடத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். அலமாரிக்கு மேல் ஒரு கறுப்புப் பெட்டி. வாசலில் மாட்டிய கேமராவின் படங்களைச் சேமிக்கிறது. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டிருந்தேன். அக்கா நாற்காலியில் ஏறி அதன் மேல் கையை வைத்தார். காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல.

"எங்க வாங்கினது?"

"ஜங்ஷன் பக்கம், ரோட்டோரக் கடையில."

"பாஸ்வேர்டு மாத்தினேளா?"

எனக்கு அதற்கு ஒன்று இருந்ததே தெரியாது.

அவர் ஒயரை உருவினார். பெட்டியின் விளக்கு அணைந்தது. இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, மேல் கம்பெனிக்குப் போன் போட்டார். "இப்பப் பாருங்க" என்றார். காத்திருந்தார். மின்விசிறி சுற்றியது. சமையலறையில் குக்கர் ஒரு விசில் விட்டது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"வெள்ளம் நின்னுட்டுங்காங்க" என்றார்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். எந்தக் கண்டத்திலிருந்தோ எவனோ ஒருவன் அந்தப் பெட்டிக்குள் புகுந்து, நாங்கள் சாப்பிடுகிற கூடத்தில், எங்கள் தலைக்கு மேல் உட்கார்ந்து, நாள் முழுக்கப் பொய்க் கடிதம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். அது யாருடைய வாசலை அடைத்ததோ? எங்கோ ஒரு மருத்துவமனையா, பள்ளிக்கூடமா, என் மனைவியைப் போல ஒருத்தியின் அன்றாடக் கூலியா? திருடனைப் பார்ப்பதற்கென்று நான் வாங்கி வைத்த பெட்டி.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, நெட்டு போயிட்டா?"

"இல்லம்மா. இப்பத்தான் ஒழுங்கா வந்திருக்கு."

வாசலுக்கு வந்ததும் நான் பேசவந்தேன். அவர் முந்திக்கொண்டார். "திங்கக்கிழமை அஞ்சலைப் பாத்ததுமே இந்த வரி எனக்கு ஞாபகம் வந்துட்டு. தம்பி வீடுதானேன்னு கடைசியில வச்சேன். முதல்ல பாத்திருக்கணும். மூணு நாளு." மூன்று விரலை நீட்டிக் காட்டினார். "நான் ஆளைப் பாத்துட்டேன் தம்பி. வழியைப் பாக்கல."

வெள்ளிக்கிழமை காலை மேல் கம்பெனியிலிருந்து நன்றி வந்தது. இணைப்புக்கு ஆபத்தில்லை. முதலாளி மறுபடி எல்லோரையும் கூட்டினார்.

"எங்கேயிருந்தும்மா?"

"நான் காவல் எடுத்துவிட்ட ஒரு லைன்ல இருந்து அண்ணாச்சி. திரும்பப் போட மறந்துட்டேன்."

"யாரு லைனு?"

"விட்டது நான்."

"அது தெரியுது. யாரு வீடு?"

கீழே கடையில் யாரோ துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. "என் வீடு அண்ணாச்சி" என்றேன். "நான்தான் எடுத்துவிடச் சொன்னேன். முடிஞ்சதும் சொல்லுதேன்னு சொல்லிட்டு மறந்துட்டேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "என்ன வே, அக்கா சாவி போயிருமேன்னு நீரு கழுத்தை நீட்டுதீரா? திங்கக்கிழமை காயல் கடைன்னு அடிச்சுச் சொன்னவரு நீருதானே." அக்கா பக்கம் திரும்பினார். "உள்ளதாம்மா?"

அக்கா என்னை ஒரு கணம் பார்த்தார்.

"இல்ல அண்ணாச்சி. என்னைக் காப்பாத்தணும்னு சொல்லுதாரு."

மீன் எந்த ஊர் என்று தெரியாமல் வாங்காதவர். உறையைத் திருப்பாமல் கிழிக்காதவர். எங்கேயிருந்து என்ற கேள்விக்கு, எல்லோர் முன்னாலும், முகம் மாறாமல், பொய் சொன்னார். முதலாளிக்கு அதற்குமேல் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. அந்த அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று அந்த மாடியில் அத்தனை பேருக்கும் தெரியும். நான் மறுபடி பேசினேன். இரண்டு பேர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள், நல்ல மனசு என்று.

அக்கா சாவியை இடுப்பிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார். முதலாளி அதைத் தொடாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது சொன்னதுதான் என்று சொல்லித் தொலைத்திருந்தார்.

படியில் ஓடிப்போய்ப் பிடித்தேன். "ஏங்க்கா இப்படி? நீங்க பொய் சொல்லலாமா?"

"பொய்தான்" என்றார். "பிடிக்காமத்தான் சொன்னேன்."

"பின்ன எதுக்கு?"

"உன் பேரைச் சொன்னா உன்னைத் துரத்திட்டு எல்லாரும் கையைக் கழுவிட்டுப் போயிருவாங்க. கள்ளனைப் பிடிச்சாச்சுன்னு. வாசலைத் தொறந்துவிட்டது யாருன்னு ஒருத்தனும் கேக்கமாட்டான். நாளைக்கு எனக்குப் பிறகு வாரவன் தன் தம்பி வீட்டுக்கு எடுத்துவிடுவான்." முதல்முறையாக என்னை நீ என்றார். "உன் மேல கோவம் இல்லன்னு நெனைச்சுக்கிடாத. பெட்டிக்காக இல்ல. பெட்டி யாரு வீட்டுலயும் இருக்கும். காயல்ல அந்த மனுசன் அஞ்சு நாளா இருட்டுல உக்காந்திருக்காரு. அவருகிட்டப் போய்ச் சொல்லு."

கீழே இறங்கிக் குடையை விரித்தார். ரதவீதிக் கூட்டத்தில் அந்த நீலம் கொஞ்ச தூரம் தெரிந்தது. எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் பார்க்கவில்லை. மேலே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறி, மாறி, காயல்பட்டினம் போனேன். இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி லைன்மேனை முன்னாலேயே அனுப்பியிருந்தேன். கடையில் நான்கைந்து பேர் கையில் பாஸ்போர்ட்டோடு நின்றார்கள். பிரிண்டர் ஓடத் தொடங்கியிருந்தது. கடைக்காரர் வெள்ளைத் தொப்பி போட்டவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வாங்க தம்பி, நீங்கதானே போன்ல பேசுறது. உக்காருங்க. தேத்தண்ணி சொல்லுறேன்."

நின்றபடியே சொன்னேன். கேபிளில் பழுது என்று சொன்னது பொய். சந்தேகப்பட்டு வெட்டினோம். தப்பு எங்கள் மேல்.

"நேத்து சாயந்திரமே ஒரு அம்மா வந்து சொல்லிட்டுப் போயிட்டாங்களே. குடை வச்சிருந்தாங்க. தப்பு என் மேலேன்னாங்க. இந்த வெயில்ல அதுக்கு அம்புட்டு தூரம் வந்தாங்களேன்னு நாங்க அசந்துபோயிட்டோம்."

"அவங்க மேல இல்ல காக்கா. அது என் வீட்டுல இருந்து போனது. உங்க கடைப் பேரைச் சொன்னதும் நான்தான்."

அவர் பிரிண்டரிலிருந்து வந்த தாளை எடுத்து, நின்றவரிடம் கொடுத்து, சலாம் சொல்லி அனுப்பினார். என் பக்கம் திரும்பியபோது சிரிப்பு போயிருந்தது. கோபமும் இல்லை.

"உங்க வீட்டுப் பெட்டி செஞ்சதை விடுங்க. அது நசீபு, தலைவிதி, யாருக்கும் நடக்கும். திருநெவேலியில இருந்து இங்க வரைக்கும் எத்தனையோ கடை இருக்குமே தம்பி. உங்களுக்கு ஏன் என் கடை தோணுச்சு?"

பஸ்ஸில் வரும்போது பல பதில்களை யோசித்து வைத்திருந்தேன். நிறையக் கம்ப்யூட்டர், நிறைய ஆட்கள், காவல் போடாத பெட்டி. எல்லாமே நிஜம்தான்.

"ஊரை வச்சுத்தான் காக்கா" என்றேன்.

அவர் தலையை மெல்ல ஆட்டினார். தேநீர் வந்தது. என் கையில் கொடுத்து, நான் ஒரு வாய் குடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாவுக்கு வேலை இருக்கா?"

"போயிட்டு."

"உங்களுக்கு?"

பின்னால் யாரோ, காக்கா, டிக்கெட் வந்துட்டா என்று கேட்டார். அவர் திரும்பவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கு" என்றேன்.